சின்னப்பொண்ணு பொய் சொல்லவில்லை

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்று வளர்த்தது மூன்று. தங்கை பிரசவத்தில் போனபோது அவள் பிள்ளையை எடுத்து வளர்த்தது ஒன்று. அதற்கும் என் பாலைத்தான் கொடுத்தேன். நாலும் நல்லபடியாக இருக்கின்றன. இதை முதலிலேயே எழுதுவது பெருமைக்காக மட்டும் இல்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற விஷயத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றும் கிடையாது என்று நான் நினைத்திருந்தேன். படிக்கிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

நான் ஐந்தாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனாலும் ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனை அறையில் முப்பத்தொரு வருஷம் குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதி ஒட்டியவள். ஒரு சீட்டு மாறியது கிடையாது.

இதை எழுதச் சொன்னது ராணி. என்னிடம் குழாய் கழுவக் கற்றுக்கொண்ட பெண். இப்போது உளுந்தூர்பேட்டையில் ஒரு தனியார் லேபில் ரத்தம் பார்க்கிறாள். கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு வந்தவள் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாள்.

"போன வாரம் ஒரு கைக்கொழந்த ரத்தம் பால் மாதிரி வந்துச்சு மேரிம்மா. மிஷினே வேணான்னு தள்ளிடுச்சு. பால் குட்த்து தூக்கிக்கினு வந்திருப்பாங்க, நாளைக்கு வெறும் வயித்துல வாங்கன்னு அனுப்பிட்டேன்."

நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். "வந்தாங்களா?"

"வரலியே."

"போன் நம்பர் வாங்கினியா?"

"இருக்குது. இன்னா மேரிம்மா, மூஞ்சி ஏன் இப்டி ஆயிடுச்சு?"

"இப்பவே போடு."

மூன்று தடவை போட்டாள். யாரும் எடுக்கவில்லை. அப்புறம் ஏன் என்று கேட்டாள். சொன்னேன். கேட்டுவிட்டு, "எங்க லேப் ஆளுங்க சங்கத்து மலர்ல போடணும், நீங்களே எழுதுங்க" என்றாள். எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்தது மலையடிவாரத்தில் ஒரு சபையார் நடத்திய சின்ன ஆஸ்பத்திரி. அதை மூடி வெகுகாலம் ஆகிறது, பெயர் வேண்டாம். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் கள்ளக்குறிச்சி வரை போக முடியாவிட்டால் எங்களிடம் வருவார்கள். என் வீட்டுக்காரர் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து செத்தார். அங்கே இருந்த சிஸ்டர் என்னைப் பெருக்குகிற வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். இரண்டு வருஷம் பெருக்கினேன். அப்புறம் லேபுக்கு ஆள் இல்லை என்று அனுப்பினார்கள். என் படிப்பும் பயிற்சியும் அவ்வளவுதான்.

லேபுக்குத் துரைசாமி சார்தான் எல்லாம். அவர் யாரையும் வா, போ என்று பேசியதில்லை. கோபம் வந்தால் 'ங்க' கூடும். ஒரு பேச்சில் நாலு 'ங்க' வந்தால் நான் தலை குனிந்துகொள்வேன். குழாய் கழுவ எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். அப்போது கண்ணாடிக் குழாய். ஒரு தடவை வைத்துவிட்டு எறிகிற பிளாஸ்டிக் எங்களுக்கு வந்து சேரவில்லை.

ரத்தம் பட்ட குழாயை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் முட்டை வெந்ததுபோலக் கண்ணாடியில் பிடித்துக்கொள்ளும். பிறகு சோப்புத் தண்ணீரில் ஊறல். பிறகு பிரஷ், அடி வரைக்கும். குழாய்த் தண்ணீரில் ஏழு அலசல். பேட்டரிக்கு ஊற்றுகிறார்களே, அந்தத் தண்ணீரில் இரண்டு. கடைசியில் ஒரு பரீட்சை. தண்ணீரை நிரப்பிக் கவிழ்க்க வேண்டும். உள்பக்கம் தண்ணீர் ஒரே வழிசலாக இறங்கிவிட்டால் குழாய் சுத்தம். எங்காவது ஒரு துளி முத்துப்போல ஒட்டி நின்றால் அங்கே கொழுப்பு இருக்கிறது, மறுபடி கழுவு. நான் கழுவிய குழாயில் துளி நிற்காது. மற்றவர்கள் நகைநட்டுக்குப் பெருமைப்படுவார்கள். எனக்கு இது.

ரத்தத்தை மிஷினில் வைத்துச் சுற்றினால் சிவப்பு அடியில் தங்கும். மேலே இளமஞ்சளாக ஒரு நீர் தெளிந்து நிற்கும். அதைச் சீரம் என்பார்கள். சார் அதைத் தனிக் குழாயில் எடுத்து ஜன்னல் பக்கச் சுவரில் மாட்டியிருந்த தேதிக் காலண்டர் முன்னால் பிடிப்பார். சீரம் வழியாகத் தேதி தெரிய வேண்டும். தெரிந்தால் வேலையைத் தொடங்குவார். மங்கலாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு வந்தவர் ரத்தம் என்று திருப்பிவிடுவார். சீட்டில் 'கெட்டது' என்று ஒரே சொல் எழுதுவார். நான் அதைக் கொட்டிக் கழுவுவேன். எங்கள் வேலை முறை அதுதான்.

சின்னப்பொண்ணு முதல் தடவை வந்தது ஒரு தை மாதம். இருபது, இருபத்தோரு வயது இருக்கும். கரியாலூருக்கும் மேலே ஒரு குக்கிராமம். பஸ் ஏறவே ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். கூட அவள் புருஷன். அவன் அவளுக்குத் தாய்மாமன். கையில் ஏழு மாதப் பெண் குழந்தை, பெயர் கோமதி. கை கால் குச்சி, வயிறு மட்டும் பெரியது. முழங்கையிலும் பிட்டத்திலும் தினை ஒட்டினதுபோல மஞ்சள் மஞ்சளாகப் பொரி. அக்கி என்று மேலே காவி பூசியிருந்தார்கள். பால் குடித்த பிறகெல்லாம் வீறிட்டு அழுகிறது என்று டாக்டர் ரத்தம் எடுக்க அனுப்பியிருந்தார்.

நான் குழந்தையைப் பிடித்துக்கொண்டேன், சார் எடுத்தார். ஊசியிலேயே நிறம் சரியில்லை. தக்காளிக் குழம்பில் தேங்காய்ப்பால் ஊற்றினதுபோல இருந்தது. சுற்றி எடுத்தால் மேலே நின்றது இளமஞ்சள் நீர் இல்லை. பால். நல்ல கெட்டியான முதல் தேங்காய்ப்பால். சார் காலண்டர் முன்னால் பிடித்தார். தேதி என்ன, காலண்டரே தெரியவில்லை.

"மேரிம்மா, இங்க வாங்க. நேத்து கழுவுனது யாருங்க?"

"நான்தாங்க சார்."

"சோப்பு நம்ம ஆஸ்பத்திரியில ஜாஸ்தியாயிடுச்சுங்களா? குழாயிலயே தங்கியிருக்குதுங்களே, நீங்களே எடுத்துக் குடிங்க."

நாலு 'ங்க'. ஆனால் அன்றைக்கு நான் தலை குனியவில்லை. ராக்கில் இருந்த இருபது குழாயையும் எடுத்தேன். அவர் கண் முன்னால் ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரப்பிக் கவிழ்த்தேன்.

"எங்க துளி நிக்குது, காட்டுங்க சார்."

இருபதையும் பார்த்தார். பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "உங்க மேல தப்பில்ல மேரிம்மா. கொழந்த இப்பத்தான் வயிறு முட்டக் குடிச்சிருக்கும்" என்றார். சீட்டில் 'கெட்டது' என்று எழுதினார். அடுத்த வாரம் வருகிற அன்றைக்கு விடிகிறதுக்கு முன்னால் ஒரு தடவை கொடுத்துவிட்டு, அதற்குமேல் ஒரு சொட்டும் கொடுக்காமல் வரச் சொன்னார்.

என்மேல் தப்பில்லை என்று ஆனதும் எனக்கு அது போதுமாக இருந்தது. அந்தத் தப்பு வேறு யார் தலையில் போய் உட்காருகிறது என்று நான் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் வந்தார்கள். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். குழந்தை அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது. எடுத்தோம், சுற்றினோம். மறுபடியும் பால்.

எனக்கு ஜிவ்வென்று ஏறியது. வெளியே வந்தேன். சின்னப்பொண்ணு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்திருந்தது. முந்தானையும் நனைந்திருந்தது.

"பால் குட்த்தியா?" என்றேன்.

"குடுக்கலீங்கம்மா."

"பஸ்ல?"

"இல்லீங்கம்மா. அழுதா, குடுக்கல."

நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். வரிசையில் இருந்த எல்லாரும் பார்க்கும்படி அந்த ஈரத்தைக் காட்டினேன். "அப்ப இது இன்னாடி? மார்ல ஈரம் காயல, அதுக்குள்ள வாயில பொய்யா? உன் பாலே இந்தப் புள்ளைக்கு எமன்டி. கொல்றதுக்குத்தான் இவ்ளோ தூரம் தூக்கிக்கினு வந்தியா?"

வரிசையில் ஒருத்தி சிரித்தாள். "மலையில இருக்கறவங்களுக்கு இன்னா சொன்னாலும் ஏறாது மேரிம்மா" என்றாள். நான் அவளை அதட்டவில்லை. எனக்குச் சாட்சி கிடைத்ததுபோல இருந்தது.

புருஷன்காரன் சின்னப்பொண்ணைப் பார்த்தான். "நான் பஸ்ல தூங்கிட்டப்ப குட்த்துட்டியா?" என்றான். அதட்டிக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுபடி வரச் சொல்லியிருந்தோம். அவள் வரவில்லை. ஐந்து மாதம் வரவில்லை. எனக்கு ஞாபகமும் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேர் ரத்தம், எதை என்று ஞாபகம் வைப்பது.

ஆனியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். வயிறு பலகைபோல விறைத்திருந்தது. பச்சையாக வாந்தி. கத்தக்கூடத் தெம்பு இல்லாமல் முனகிக்கொண்டு இருந்தது. அதற்குள் எங்களுக்குப் புதிதாகக் குழந்தை டாக்டர் ஒருத்தர் வந்திருந்தார். சின்ன வயசு டாக்டரம்மா. வாய் வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லி டிரிப் போட்டுப் படுக்கவைத்தார். இரண்டாம் நாள் ரத்தம் எடுத்து அனுப்பினார்.

சுற்றி எடுத்தேன். பால்.

நான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு நாளாக அந்தக் குழந்தை வாயில் ஒன்றுமே போகவில்லை. கட்டிலில் 'வாய்வழி எதுவும் தரக்கூடாது' என்ற அட்டையைத் தொங்கவிட்டதே நான்தான். பின்னே இந்தப் பால் எங்கிருந்து வந்தது?

வார்டுக்குப் போனேன். கட்டிலோரம் சின்னப்பொண்ணு நின்றுகொண்டிருந்தாள். ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து, ஈரம் இடுப்பு வரைக்கும் வழிந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளை குடித்த மார்பு வற்றி இருக்கும், நனையாது. குடிக்காத மார்புதான் கட்டிக்கொண்டு தானே வழியும். மூன்று பெற்றவள், நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்தவள், எனக்கு இது தெரியாதா? வரிசையில் வைத்து நான் தூக்கிக் காட்டிய ஈரம், அவள் கொடுக்கவில்லை என்பதற்குத்தான் அத்தாட்சி. பசியில் கதறுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, மார் வலிக்க வலிக்க, விடிகாலையிலிருந்து எங்கள் பேச்சுக்குக் கட்டுப்பட்டு வந்திருக்கிறாள்.

டாக்டரம்மா லேபுக்கு வந்தார். "இந்த மாதிரி முன்னாடி வந்திருக்கா சார்?" என்று கேட்டார்.

துரைசாமி சார் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றார். "ரெண்டு வாட்டி வந்துச்சுங்க டாக்டர். கெட்டதுன்னு நான்தான் திருப்பிட்டேன்" என்றார். 'நாங்கள்' என்று சொல்லவில்லை. அந்த மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"எப்போ?"

"அஞ்சு மாசமிருக்கும்ங்க."

"அப்பவே தெரிஞ்சிருந்தா..." என்று தொடங்கியவர் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். குழாயை அசைக்காமல் மறுநாள் வரைக்கும் ஃபிரிட்ஜில் வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் எடுத்தேன். மேலே ஒரு விரல்கடை கனத்துக்கு வெள்ளை ஏடு கட்டியிருந்தது. கீழே கலங்கலான நீர். சாப்பாட்டுக் கொழுப்பு ரத்தத்தில் கரையாமல் மிதக்கிறது என்றார். அதைக் கரைக்கிற சத்து இந்தக் குழந்தைக்குப் பிறவியிலேயே கிடையாது. அப்பா, அம்மா இரண்டு பேர் ரத்தத்திலும் பாதிக்குப் பாதி அந்தக் குறை ஒளிந்திருக்கும், அவர்களை ஒன்றும் செய்யாது, இரண்டும் சேர்ந்து பிள்ளைக்கு வந்தால்தான் இப்படி. லட்சத்தில் ஒன்றுக்குக்கூட வராது, புத்தகத்தில் படித்தது, இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அந்தக் கொழுப்பு வயிற்றுக்குள் இருக்கிற கணையத்தைப் புண்ணாக்கிவிட்டது. மருந்து கிடையாது. எண்ணெய், நெய், தேங்காய், கடலை, ஒன்றும் படக்கூடாது. தாய்ப்பாலும் கூடாது.

சின்னப்பொண்ணுக்கு அதை எடுத்துச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார். பெண்பிள்ளைக்குப் பெண்பிள்ளை சொன்னால் புரியும் என்று.

சொன்னேன். தாய்ப்பாலிலும் கொழுப்பு இருக்கிறது, அதுவும் ஆகாது என்றேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். "இதுக்கு முன்ன ஒரு பையன். ஒண்ணர வயசுல இதே மாரி வயித்துவலின்னு போய்ட்டான்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்களேம்மா, என் பாலுதான் எமன்னு. எனக்குத்தான் ரோஷம் வந்துடுச்சு. வராம இருந்துட்டேன். அதுக்கப்புறமும் குட்த்துக்கினேதான் இருந்தேன்."

நான் அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது இது இல்லை, உன்னைப் பொய்க்காரி என்றேன், நீ பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பு என்று. நாலு வார்த்தை. எனக்கு வாய் வரவில்லை. இருபது குழாயைக் கவிழ்த்துக் காட்டத் தெரிந்தவளுக்கு இது தெரியவில்லை. "அழாத" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிள்ளை அந்தத் தடவை பிழைத்துக்கொண்டது. பாண்டிச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அவர்களும் அதே நோய்தான் என்று சொல்லி, சாப்பாட்டுப் பட்டியல் கொடுத்து அனுப்பினார்கள். ஏடு எடுத்த பால்பவுடர், சாமைக் கஞ்சி, வேகவைத்த கீரை, வாழைப்பழம். சின்னப்பொண்ணு வீட்டில் தாளிப்பதையே விட்டுவிட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்தால் பிள்ளை கையில் பட்டு வாய்க்குப் போய்விடும் என்று அதையும் விட்டாள். செம்பட்டை பாய்ந்த தலையோடு மாதா மாதம் முதல் பஸ்ஸில் இறங்கி வருவாள். நான் சீரம் எடுத்தால் ஜன்னல் பக்கம் வந்து நின்றுகொள்வாள்.

"தேதி தெரியுதாம்மா?"

"இன்னும் இல்ல."

பால் மோராயிற்று. மோர் நீர்மோராயிற்று. ஏழெட்டு மாதம் கழித்து ஒரு நாள் சார் என்னையும் அவளையும் கூப்பிட்டார். காலண்டர் முன்னால் குழாயைப் பிடித்தார். மங்கலாக, பனிக்குள் தெரிகிறதுபோல, ஒரு எட்டு தெரிந்தது. சின்னப்பொண்ணுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். "எட்டு! எட்டுங்க சார்!" என்று கத்தினாள். சார் சிரித்ததை நான் பார்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான். கோமதி அவள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டு, ஒன்றும் புரியாமல் கைதட்டியது.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் செத்துப்போயிற்று. இரண்டேகால் வயது. என்ன தின்றது, யார் கொடுத்தார்கள், ஒன்றும் தெரியாது. ஒன்றுமே தின்னாமலும் வரலாம், இந்த நோய் அப்படித்தான் என்றார் டாக்டரம்மா. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதால் பாதி தூரம் தூக்கிக்கொண்டு நடந்தே வந்திருக்கிறார்கள். வந்து சேர்ந்தபோது குழந்தைக்கு நினைவில்லை. ரத்தம் எடுத்துச் சுற்றினோம். வெள்ளை வெளேர் என்று நின்றது. நான் அதைக் காலண்டர் பக்கம் கொண்டுபோகவில்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்த பிறகு சின்னப்பொண்ணு லேப் வாசலுக்கு வந்தாள். நான் ராக்கில் குழாய் அடுக்கிக்கொண்டிருந்தேன். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. தானாகவே சொன்னாள்.

"நான் ஒண்ணும் குடுக்கலீங்கம்மா. சத்தியமா குடுக்கல."

அதே சொல். ஒன்றரை வருஷத்துக்கு மேல் அவள் அதை உள்ளே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். தெரியும்மா, அன்றைக்கும் நீ கொடுக்கவில்லை என்று சொல்ல எனக்கு மறுபடியும் ஒரு சந்தர்ப்பம். ராக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். புருஷன் கூப்பிட்டான், போய்விட்டாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை கரியாலூருக்குப் போய், அங்கிருந்து விசாரித்துக்கொண்டு நடந்து போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர்கள் திரும்பவில்லை என்றார்கள். அதற்கப்புறம் பிள்ளை பெற்றுக்கொண்டாளா என்று கேட்டேன். பயந்துகொண்டு பெற்றுக்கொள்ளவில்லை என்று ஒரு கிழவி சொன்னாள். துரைசாமி சார் போய்ச் சேர்ந்துவிட்டார். டாக்டரம்மா எங்கே என்று தெரியாது. அன்றைக்கு வரிசையில் நடந்ததைச் சொல்ல இப்போது நான் ஒருத்திதான் மிச்சம்.

லேபில் வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு நான் புத்தி சொல்லும் அளவுக்குப் படித்தவள் இல்லை. பால்போல ஒரு குழந்தை ரத்தம் வந்தால் கொட்டாதீர்கள். தாயைக் கேட்பதற்கு முன்னால் டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ராணி அந்த நம்பரைத் தினமும் போட்டுப் பார்க்கிறாளாம், எடுக்கவில்லை. மணலூர்பேட்டைப் பக்கம் என்று சீட்டில் இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை தேடிப் போகிறேன் என்றிருக்கிறாள். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

என் பேத்தி ஜெனி எழுத்துப் பிழை திருத்துகிறேன் என்று பேனாவோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். பிழை கிடக்கட்டும் கண்ணு. பேனாவை மூடு. சின்னப்பொண்ணு இரண்டாம் தடவை வந்த இடத்தை எடு. வரிசையில் எல்லாரும் பார்க்க நான் அவளைச் சொன்னது இருக்கிறதே, அதைச் சத்தமாகப் படித்துக் காட்டு. சொன்னபடியே எழுதியிருக்கிறேனா, எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேனா என்று நான் கேட்டுப் பார்க்க வேண்டும்.